இந்தப் பெண் நலமாக இருக்கிறார்

“அழுங்க,” என்றாள்.

வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“எதுக்கு?”

“எதுக்கா இருந்தா என்ன, அழுங்க. பொண்டாட்டி செத்துட்டா.”

“யாரு பொண்டாட்டி?”

“உங்க பொண்டாட்டிதான். ஆம்புலன்ஸ் வரல, ஆஸ்பத்திரியில மருந்து இல்ல. நீங்க வாசல்ல உக்காந்து தலையில கை வச்சு அழுறீங்க.”

வாயைக் கோணினேன். புருவத்தைச் சுருக்கினேன்.

“தும்மல் வர்ற மாதிரி இருக்கு. சோகமா எதையாவது நினைங்க.”

“என்னத்த நினைக்க?”

“நான் செத்துட்டேன்னு நினைங்களேன்.”

உண்மையாகவே நினைத்துப் பார்த்தேன். வீடு அமைதியாக இருந்தது. டிவி ரிமோட் என் கையில் இருந்தது. இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். “அடப்பாவி மனுசா, ரிமோட்டுக்காகவா?” என்று அவள் கத்த, எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கண்ணை மூடி, நெற்றியில் கையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அந்த நொடியில் எடுத்துவிட்டாள். படத்தில் பார்த்தால் உலகமே இடிந்துபோன மனிதன்.

“இது போதும். கிளம்புங்க, பஸ்ஸு போயிரும்,” என்றாள். நாங்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவளுக்குப் படக்கடை. மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு பல்லிடுக்கு மாதிரியான இடம். பாஸ்போர்ட் அளவுப் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். ஊருக்கு அவள் ஸ்டூடியோ அக்கா. கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு கோட்டு வைத்திருந்தாள், கறுப்புக் கோட்டு, நீல டை. வேலைக்கு மனுப் போடுகிறவன், வெளிநாடு போகிறவன், கல்யாணத்துக்கு வரன் தேடுகிறவன், எல்லோருடைய தலையையும் வெட்டி அந்தக் கோட்டின்மேல் உட்கார வைத்துவிடுவாள். எங்கள் வட்டாரத்தில் பாதி ஆண்கள் அந்த ஒரே கோட்டில்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வந்தார்கள்.

நான் பேருந்துப் பணிமனையில் குமாஸ்தா. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வைக்கிற அறை என்னுடையது. குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை ஒரு பல்செட். குடையைத் தேடி வருவார்கள். புத்தகத்தைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதனால் நான் நிறையப் படித்தேன்.

கவுன்சிலர் தேர்தல் வந்தபோது அவளுக்குப் புதுத் தொழில் வந்தது. எங்கள் வார்டில் போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் செங்கல் சூளை வைத்திருந்தவர், இன்னொருவர் பல் டாக்டர். கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை, நோட்டீஸ் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. ஆனால் போனில் ஒரு படம் வந்தால் ஓடுகிற விரல் ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடிக்காக இரண்டு பேரும் வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். செங்கல்காரர் குழுவுக்கு ‘நம் வார்டு நம் உரிமை’ என்று பெயர். டாக்டர் குழுவுக்கு ‘விழித்திரு’. ஊரில் பெரும்பாலானவர்கள் இரண்டிலும் இருந்தார்கள், யாரை எங்கே திட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமல்லவா.

இரண்டு குழுவுக்கும் படம் செய்தது என் மனைவி. ஒருத்தருக்கு வேலை செய்வது மற்றவருக்குத் தெரியாது. காலையில் தண்ணீர் வந்தது என்று ஒரு படம், மாலையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு படம். “ரெண்டும் நிஜந்தானே. ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல,” என்பாள்.

தலைவர்களின் படத்துக்குப் பஞ்சமில்லை. பொதுஜனத்தின் படம்தான் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் இணையத்திலிருந்து ஒரு ஏழைத் தொழிலாளியை எடுத்து டாக்டருக்குப் போட்டாள். அழுக்குச் சட்டை, வியர்வை, எல்லாம் சரியாக இருந்தது. பல் மட்டும் பளபளவென்று இருந்தது. எங்கோ ஒரு நாட்டுப் பற்பசை விளம்பரத்தில் வருகிறவன் என்று செங்கல்காரர் ஆட்கள் கண்டுபிடித்து, ‘பல் டாக்டரின் ஏழை’ என்று போட்டு நாறடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வெளி ஆளை நம்பவில்லை.

“உங்க மூஞ்சியை யூஸ் பண்ணிக்கிறேன்,” என்றாள் ஒரு நாள், தட்டில் சோறு போட்டபடியே.

“என் மூஞ்சிக்கு என்ன விசேஷம்?”

“பாத்தா எங்கேயோ பாத்த மாதிரி இருக்கும். ஆனா யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோடியில ஒருத்தருக்குத்தாங்க இப்படி அமையும்.”

அன்றிலிருந்து நான் பொதுமக்கள் ஆனேன். மீசையோடு இருந்தால் செங்கல்காரர் ஆட்சியை எதிர்பார்க்கிற குடும்பத்தலைவன். மீசையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டால் டாக்டரை நம்புகிற ஓய்வுபெற்ற ஆசிரியர். தலையில் துண்டு கட்டினால் கூலித் தொழிலாளி. ஒரு படத்தில் கூட்டத்தில் நான் மட்டும் ஏழு பேராக நின்று ஏழு திசையில் கை தட்டினேன். பணிமனையில் ஓட்டுநர்கள் என்னை நடிகரே என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

இதில் ஏமாந்த ஒரே மனிதர் என் மச்சான். அவளுடைய அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு ரத்த சொந்தம் என்று இருந்தது அவர் ஒருவர்தான். லாரி ஓட்டுகிறார். பல் டாக்டர் ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கிவிட்டார். அந்த நாளிலிருந்து மச்சான் டாக்டரின் பக்தர். அண்ணன் டாக்டர் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக இவளுக்குச் செங்கல்காரரைக் கொஞ்சம் பிடிக்கும்.

ஒருமுறை செங்கல்காரருக்காக என் தலையில் கட்டுப் போட்டு, சட்டையில் சிவப்பு மை தெளித்து, ‘டாக்டரின் குண்டர்கள் தாக்கினார்கள்’ என்று ஒரு படம் செய்தாள். முகத்தை மங்கலாக்கித்தான் போட்டாள். ஆனாலும் மச்சானுக்கு என் காது தெரிந்துவிட்டது. என்னிடமோ அவளிடமோ கேட்காமல், முட்டை லோடோடு பாதி வழியில் லாரியைத் திருப்பிக்கொண்டு, மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். நான் வராந்தாவில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாப்ள... தலை?”

“என்ன மச்சான் தலைக்கு?”

லாரியிலிருந்து மஞ்சளாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளேயிருந்து வந்து, நடந்ததைப் புரிந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

“இனிமே நீ செத்தேன்னு படம் வந்தாக்கூட நான் நம்ப மாட்டேன்டி.”

“கவலைப்படாதண்ணே. செத்தா நானே வந்து சொல்றேன்.”

அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாயால் பேசுவதைத்தான். போனில் ஒருத்தரை ஒருத்தர் திட்டி அனுப்புவது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவர் செங்கல்காரரைக் கிண்டல் செய்து ஒன்று அனுப்புவார். வேலையைப் போட்டுவிட்டு இவள் பதில் அனுப்புவாள். வாடிக்கையாளர் கோட்டு இல்லாமல் காத்திருப்பார். அண்ணனின் வசவுக்குப் பதில் சொல்லாமல் அவள் விட்டதே இல்லை. குளித்துக்கொண்டிருந்தால்கூட ஈரக் கையோடு வந்து தட்டிவிட்டுத்தான் போவாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் எடுத்த என் ‘அழுகை’ டாக்டருக்கான படம். ‘மனைவியை இழந்த தொழிலாளி. யார் பொறுப்பு?’ என்று போட்டு விழித்திரு குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அது ஊரெல்லாம் சுற்றியது. மதியம் எனக்குப் போன் செய்தாள். சிரிப்பில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

“ஏங்க, கேளுங்க. செங்கல்காரர் ஆளு கடைக்கு வந்தாரு, அந்த ஜிம் வச்சிருக்காரே அவரு. ‘அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே, நீங்க செத்துட்டீங்கன்னு டாக்டர் குரூப்ல போட்டிருக்கானுங்க’ன்னு கொதிக்கிறாரு.”

“ஐயோ. நீ என்ன சொன்ன?”

“நானும் கொதிச்சேன். ‘அநியாயமா இருக்கே, யாரு பண்ண வேலை இது’ன்னு கேட்டேன். உடனே ஒரு மறுப்புப் படம் போடுங்கக்கான்னாரு. போட்டாச்சு. பாருங்க, அனுப்பியிருக்கேன்.”

பார்த்தேன். கடையில் உட்கார்ந்து அவளே அவளை எடுத்துக்கொண்ட படம். ஊரை எல்லாம் படம் எடுத்தவளுக்குத் தன்னை எடுத்துக்கொள்ளத் தெரியாது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. மேலே மஞ்சள் எழுத்தில் ‘இந்தப் பெண் நலமாக இருக்கிறார்’. குறுக்கே சிவப்பில், அஞ்சல் முத்திரை மாதிரி, ‘பொய்’, அதாவது காலையில் வந்த சாவுச் செய்தி பொய் என்று. அந்த முத்திரையும் அவள் கண்டுபிடித்ததுதான். அதற்குப் பிறகு இரண்டு குழுவிலும் யாருக்கு எதைப் பிடிக்காவிட்டாலும் அதை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

“காலையில கொன்னு மத்தியானம் உசுரோட எழுப்பிட்ட,” என்றேன்.

“ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதான். சரி, வைக்கிறேன், கஸ்டமர்.”

பிறகு மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டு, “சார், கொஞ்சம் கடைக்கு வாங்க,” என்றார். குரலிலேயே தெரிந்துவிட்டது. நான் போனபோது ஜெராக்ஸ் இயந்திரம் யாருடைய பள்ளிச் சான்றிதழையோ இன்னும் பிரதி எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் உடனே வந்திருந்தது. மருந்து எல்லாம் இருந்தது. டாக்டர்கள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். இரண்டு கட்சிக்கும் பயன்படாத சாவு.

எதிர்வீட்டு டீச்சர்தான் எங்கள் தெருக் குழுவில் செய்தி போட்டார். நல்ல மனசு அவருக்கு. ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிட்டார். அங்கேதான் வினை பிடித்தது. நெற்றியில் கை, மூடிய கண், அதே சட்டை. காலையில் வந்த படத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் நான் அவ்வளவாக அழவில்லை.

‘மறுபடியுமா?’ என்று ஒருவர் போட்டார்.

‘காலையிலேயே செத்தாச்சே, எத்தனை தடவை?’

‘முதல் படத்துல நடிப்பு நல்லா இருந்துச்சு. இதுல ஃபீலிங் பத்தல.’

அதன் கீழே யாரோ அவள் செய்த மறுப்புப் படத்தைப் போட்டார்கள். அப்புறம் அதுவேதான். போகிற இடமெல்லாம் என் மனைவி சிரித்துக்கொண்டே, தான் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் குழுவில் சத்தியம் செய்து எழுதினார். அவரையும் யாரோ ‘கட்சிக்காரி’ என்று எழுதிவிட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. ஆனால் மச்சான் வர வேண்டும். அவளை எடுப்பதற்குள் அவர் வர வேண்டும். என் மண்டையில் அது ஒன்றுதான் ஓடியது. அவளுக்கென்று வந்து நிற்க வேறு ஆள் இல்லை.

போன் செய்தேன். பின்னால் லாரி இன்ஜின் சத்தம்.

“மச்சான், அவ போயிட்டா.”

“எங்க? தேர்தல் கமிஷனுக்கா?”

“மச்சான், விளையாடாதீங்க. கடையில விழுந்துட்டா. ஆஸ்பத்திரி கொண்டு போனோம். முடிஞ்சிருச்சு.”

“மாப்ள, காலையில நீங்க அழுத படம் பாத்தேன். மத்தியானம் அவ சிரிச்ச படம் பாத்தேன். இப்ப நீங்க லைவ்ல வர்றீங்க. ஒரே நாள்ல மூணு ஷோவா?”

“சத்தியமா மச்சான்.”

“அன்னிக்கு அத்தனை முட்டையும் போச்சு. இன்னிக்கு லோடு என்னன்னு தெரியுமா? வாஷ்பேசின். உடைஞ்சா என் முதலாளி என்னையே உடைச்சிருவாரு. அவகிட்ட சொல்லுங்க, அண்ணன் ஏமாறலேன்னு.”

வைத்துவிட்டார். டீச்சரைப் பேசச் சொன்னேன். “எத்தனை பேரைத்தான் செட் பண்ணியிருக்காரு மாப்ள?” என்று அவரிடம் கேட்டாராம். என் சித்தப்பாவைப் பேசச் சொன்னேன். சித்தப்பா கோபக்காரர். அவர் போட்ட சத்தத்தில் மச்சானுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இவ்வளவு கோபமாக யாராவது சாவுச் செய்தி சொல்வார்களா என்றாராம்.

மறுநாள் காலை கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தோம். வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தோம். பாதி காலி. வந்தவர்களிலும் பலர் அழ வரவில்லை, பார்க்க வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தில் ஒரு அரைச் சிரிப்பு இருக்கும், உள்ளே வந்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார்கள். செருப்புக் கடைக்காரர் கட்டிலின் அருகே குனிந்து பார்த்துவிட்டு, “நிஜமாவே...” என்று ஆரம்பித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செங்கல்காரர் வந்தார். கூடவே போன் பிடிக்கிற ஆட்கள் வந்தார்கள். அவர் கும்பிட்டு நின்றபோது பின்னால் இருந்தவர், “அண்ணே, கொஞ்சம் லெஃப்ட்ல, முகம் இருட்டா இருக்கு,” என்றார். என் மனைவி இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டிருப்பாள்.

அவர் போகவும் பல் டாக்டர் வந்தார். வாசலில் நின்றிருந்த கூட்டம் அவரை விடவில்லை.

“டாக்டர், நீங்க பாத்து சொல்லிருங்க. உங்க வாயால வந்தா குரூப்ல நம்புவாங்க.”

“நான் பல் டாக்டர்ங்க.”

“பல்லையாவது பாத்து சொல்லுங்க!”

பாவம் மனிதர். அவள் மணிக்கட்டைத் தொட்டார், விட்டார், என்னிடம் “ரொம்ப வருத்தம்” என்றார். அந்த மட்டில் அவர் பேச்சு உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ‘மரணத்தை நேரில் சென்று உறுதி செய்தார் நம் டாக்டர்’ என்று படம் வந்துவிட்டது. அடுத்த மூச்சில் மற்ற குழுவில் அதே படம், ‘பல் பிடுங்குபவர் மரணச் சான்று தரலாமா?’ என்ற கேள்வியோடு. குறுக்கே சிவப்பு முத்திரை.

தலைமாட்டில் வைக்க அவள் படம் ஒன்று வேண்டும் என்றார் சித்தப்பா. வீடு முழுக்கத் தேடினோம். அலமாரியில், போனில், கடைக் கம்ப்யூட்டரில். என் முகம் நூற்றுக்கணக்கில் இருந்தது. அழுகிற நான், தண்ணீர் பிடிக்கிற நான், ஏழு பேராக நிற்கிற நான். அவள் எங்குமே இல்லை, கல்யாணப் படத்தில்கூடக் குனிந்த தலைதான். எல்லாப் படத்துக்கும் வெளியே நின்று எடுத்தவள் அல்லவா. கடைசியில் டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அந்தப் படம் ஒண்ணுதாங்க நல்லா இருக்கு. ஓரத்தை வெட்டிட்டா...”

வெட்டினோம். மஞ்சள் எழுத்து போய்விட்டது. சிவப்பு போகவில்லை. தோளில் ஏறிக் கழுத்துவரை வந்திருந்தது. அதைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் கூடத்தில் படுத்திருந்தாள்.

“மத்தியானம் எடுத்துடலாமா?” என்றார் சித்தப்பா. வண்டி வந்து நின்றுவிட்டது.

“மச்சான் வரணும்.”

“அந்த ஆளு வர மாட்டான்டா. எவ்வளவு நேரம் வச்சிருக்க முடியும்?”

மச்சானுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். எடுத்தார். லாரியின் கூரையும் அவருடைய பாதி முகமும் தெரிந்தன. நான் எதுவும் சொல்லாமல் போனை அவள் பக்கம் திருப்பினேன்.



“நல்லாத்தான் படுத்திருக்கா,” என்றார். குரலில் கிண்டல் இருந்தது. ஆனால் முன்பு போல ஊன்றி நிற்கவில்லை. “சொல்லிக் குடுத்தது யாரு?”

“மச்சான், கிட்டப் போய்க் காட்டட்டுமா?”

“காட்டுங்க.”

குனிந்தேன். போனை அவள் முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன்.

“தோ! அசையுது!” என்று மச்சான் கத்தினார். “மூக்கு அசையுது மாப்ள! நான் பாத்தேன்! எந்திரிடி கழுத!”

நான் போனை விலக்கிவிட்டு அவளைப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது நான், குளிப்பாட்டியபோது கூட நின்றது நான், ஆனாலும் அந்த ஒரு நொடி குனிந்து அவள் மூக்கைப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. எங்கள் கூடத்தில் சிக்னல் சரியாக வராது. படம் விட்டுவிட்டு வரும். அதுதான் அசைந்தது.

“சிக்னல் மச்சான்,” என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. மருந்துக் கடைக்காரர் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அது ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பூட்டிய திரையின்மேல் மச்சானின் செய்தி.

‘உன் செங்கல்காரன் சிரிச்சா சூளையில புகை வர்ற மாதிரி இருக்கு.’

நான் திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. படத்தை நம்பாத மனிதர். குரலை நம்பாதவர். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே நிச்சயமான விஷயத்தைக் கொண்டு சோதிக்கிறார்.

கொஞ்சம் கழித்து இன்னொன்று.

‘அவனுக்குப் படம் போடுறதுக்குப் பதிலா நீ கோட்டு தைக்கப் போகலாம்.’

சித்தப்பா வந்து என்ன என்று கேட்டார். கையைக் காட்டி நிறுத்தினேன். டீச்சரும் எட்டிப் பார்த்தார். கட்டிலின் அருகே நாங்கள் மூன்று பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

‘ஏய் வாயாடி. பயந்துட்டியா?’

அவள் கடையில் இருந்திருந்தால் இதற்குள் நாலு பதில் போயிருக்கும். ஐந்தாவதில் அவருடைய கடைவாய்ப் பல்லை இழுத்திருப்பாள்.

நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

‘பாப்பா.’

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முந்திய பெயராக இருக்க வேண்டும்.

என்னுடைய போன் அடித்தது.

“மாப்ள,” என்றார்.  “எடுத்துறாதீங்க. வர்றேன்.”

“மெதுவா வாங்க மச்சான்.”

“எடுத்துறாதீங்க.”

வண்டிக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். சித்தப்பா, என் கோபக்காரச் சித்தப்பா, “ஆளு வராம எடுக்க மாட்டோம், போய்யா,” என்று அவரை விரட்டினார். வெயில் இறங்கிய பிறகு தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. தெரு குறுகலானது. அந்த லாரி உள்ளே வந்ததும் செங்கல்காரரின் பிரச்சார வண்டியும் டாக்டரின் பிரச்சார வண்டியும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டன. இரண்டிலும் பாட்டை நிறுத்தினார்கள். அந்தத் தேர்தலில் எங்கள் தெருவுக்குக் கிடைத்த ஒரே அமைதி அதுதான்.

மச்சான் இறங்கினார். லாரி நிறைய வெள்ளை வாஷ்பேசின்கள், வைக்கோலுக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. யார் முகத்தையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து கட்டிலின் அருகே உட்கார்ந்தார். அழவில்லை. முதலில் தலைமாட்டுப் படத்தைப் பார்த்தார்.

“இதென்ன கழுத்துல சிவப்பு?”

“முத்திரை மச்சான். போகல.”

“எந்த முத்திரை?”

“பொய்னு போட்டிருந்துச்சுல்ல. அதோட ஓரம்.”

அந்தப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து அவள் காதருகே, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

“வந்து சொல்றேன்னியே. சொன்னியாடி? வாயைத் திறந்தா பொய்தான்.”

அதற்குப் பிறகு அழுதார். லாரி ஓட்டுகிறவர்கள் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். டீச்சர் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அதனால் மச்சான் அழுத படம் எந்தக் குழுவிலும் இல்லை.

தேர்தல் நடந்தது. செங்கல்காரர் ஜெயித்தார். நான் பணிமனையில் அதே அறையில் இருக்கிறேன். என் முகம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில் நான் கடன் தொல்லையால் அழுகிறேன், இன்னொரு ஊரில் வெள்ளத்தில் வீடு போய் அழுகிறேன். எல்லாம் அன்று காலை சிரித்த சிரிப்புதான். போன மாதம் குடையைத் தேடி வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, “சார், நீங்க அந்தப் பொண்டாட்டி செத்துட்டான்னு நடிச்சவருதானே? வீட்ல நல்லா இருக்காங்களா?” என்றார்.

“இல்லீங்க, செத்துட்டாங்க,” என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். என்ன செய்வது, அவள் இருந்திருந்தால் அதிகம் சிரித்திருப்பாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் குடையைக் கொடுத்தேன்.

மச்சான் இந்தப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறார். சமைப்பது அவர், பாத்திரம் கழுவுவது நான். ரிமோட்டுக்குச் சண்டை வருகிறது. சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு விழித்திரு குழுவில் செங்கல்காரரைத் திட்டி எழுதுவார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவார். நான் சரியான பதில் சொல்வதில்லை என்று அவருக்குக் குறை.

ஒரு நாள் கேட்டேன். “மச்சான், இத்தனை ஆச்சு. அவளுக்காகவாவது அந்த டாக்டரை விட்டுத் தொலைங்களேன்.”

“அவ உசுரோட இருக்கும்போதே விடல மாப்ள,” என்றார். “இப்ப விட்டேன்னா, அவளுக்கே நான்தானான்னு சந்தேகம் வந்துரும்.”

கிளம்பும்போது வாசலில் நின்று வழியனுப்பினேன். லாரியின் முன்கண்ணாடியில் பல் டாக்டரின் படம் ஒட்டியிருக்கிறது. வெயிலில் வெளுத்து, ஒரு மூலை உரிந்து தொங்குகிறது. மச்சான் அதைக் கிழிக்கவில்லை.